பாஸ் மீனுக்கான மென் பிளாஸ்டிக் ஸ்விம்பெய்ட்டை எப்படித் தேர்ந்தெடுத்து முள்ளில் கோர்ப்பது?

ஸ்விம்பெய்ட் என்பது சிறுமீன் வடிவில் வார்த்த, ரப்பர்போல் வளையும் தூண்டில் இரை. பெரும்பாலானவற்றின் வால் நுனி துடுப்புப்போல் தட்டையாக இருக்கும். இழுக்கும்போது நீர் அதில் மோதி இருபுறமும் மாறி மாறிச் சுழல, வால் ஆடுகிறது. அந்த அதிர்வை, வேட்டையாடும் நன்னீர் மீனான பாஸ் தன் விலாக்கோட்டு உறுப்பால் (நீரின் அசைவை உணர, உடலின் இருபக்கமும் ஓடும் கோடு) உணர்ந்துகொள்ளும். கலங்கிய நீரிலும் இரை இருக்கும் திசை அதற்குத் தெரியும்.

அளவை அந்த ஏரியின் இரைமீனே சொல்லிவிடும். அமெரிக்காவின் தென்மாநில நீர்த்தேக்கங்களில் பாஸ் அதிகம் தின்பது ஷாட் என்ற வெள்ளிநிறச் சிறுமீன். அங்கே 3 முதல் 5 அங்குலம் வரையிலான வெளிர்நிற இரை பொருந்தும்.

திறந்த நீரில் ஈயத்தலை முள் (தலையில் ஈயக்குண்டு வார்த்த முள்) போதும். பாசி அடர்ந்த இடத்தில், தண்டில் எடை வைத்த அகலவளைவு முள்ளைப் போட்டு, அதன் நுனியை இரையின் முதுகுத் தோலுக்குள் லேசாக மறைத்துவிடுங்கள், பாசியில் சிக்காது.

நான் மிகவும் வலியுறுத்துவது நேராகக் கோர்ப்பதைத்தான். முள்ளை இரையின் பக்கவாட்டில் வைத்து, நுனி எங்கே வெளிவர வேண்டும் என்று முதலில் நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். சூத்திரம் கோணலான பட்டம் காற்றில் கரணமடிப்பதுபோல், கோணலாகக் கோர்த்த இரை நீரில் சுழலும், தூண்டில் நரம்பும் முறுக்கேறும்.

வேகமாகச் சுருட்டினால்தான் வால் ஆடும் என்று பலர் நினைக்கிறார்கள். மென்மையான வால் மெதுவாக இழுத்தாலே ஆடும், குளிர்ந்த நீரில் பாஸ் துரத்துவதும் அந்த மெதுவான இரையைத்தான்.