வாசகர் கேள்வி: ரீசெட்டா, இன்டக்ரல் டைமா?

கேள்வி: பவுடர் கோட்டிங் ஓவனுக்குப் புது பிஐடி கன்ட்ரோலர் (டெம்பரேச்சரைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) போட்டோம். பழையதில் ப்ரொபோர்ஷனல் பேண்ட் (ஹீட்டர் அவுட்புட் 0-விலிருந்து 100 வரை மாறும் டெம்பரேச்சர் அகலம்) 25 சதவீதம், ரீசெட் 0.5. அதே 0.5-ஐப் புதியதில் ‘இன்டக்ரல் டைம்’ என்ற இடத்தில் போட்டோம். ஹீட்டர் ஒன்று முழுசாக ஓடுகிறது, இல்லையென்றால் அடியோடு நிற்கிறது. கன்ட்ரோலர் பழுதா?
– வாசகர், அம்பத்தூர், சென்னை

பதில்: கன்ட்ரோலரைக் கழற்றிவிடாதீர்கள், யூனிட்தான் மாறிப்போயிருக்கிறது. பழையதின் 0.5, பெரும்பாலும் ‘ரிப்பீட்ஸ் பெர் மினிட்’. அதாவது நிமிடத்துக்கு அரை ரிப்பீட். புதியது கேட்பது ஒரு ரிப்பீட்டுக்கு எத்தனை விநாடி என்று. ஒன்றைத் தலைகீழாக்கினால்தான் மற்றது வரும்: 1-ஐ 0.5-ஆல் வகுத்தால் 2 நிமிடம், அதாவது 120 விநாடி. நீங்கள் போட்டது அரை விநாடி. இன்டக்ரல் என்பது டெம்பரேச்சர் குறையைச் சேர்த்துச் சேர்த்து அவுட்புட்டை மாற்றும் பகுதி. அது 240 மடங்கு வேகமாக ஏறினால் அவுட்புட் 0, 100 என்ற இரண்டு முனைக்கும் பாயாமல் என்ன செய்யும்?

‘ரிப்பீட்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓவன் ஆறியிருக்கும்போது ஹீட்டர் சப்ளையை ஆஃப் செய்யுங்கள். டெரிவேட்டிவ் (மாற்றத்தின் வேகத்தைப் பார்த்து வேலை செய்யும் பகுதி) 0, செட்பாயின்ட் (நாம் வைக்கும் டெம்பரேச்சர்) மெல்ல ஏறும் ‘ராம்ப்’ ஆஃப். பேண்ட் 25 என்றால் கெயின் (குறையைப் பெருக்கும் எண்) 100-ஐ 25-ஆல் வகுத்து 4. செட்பாயின்டை இப்போதைய டெம்பரேச்சருக்கே வைத்து, அவுட்புட் நின்றதும் ரேஞ்சில் 2 சதவீதம் ஏற்றுங்கள். 0–400 டிகிரி ரேஞ்சுக்கு அது 8 டிகிரி. அவுட்புட் சட்டென்று 2-ஐ 4-ஆல் பெருக்கிய 8 சதவீதம் தாவும்: இது ப்ரொபோர்ஷனலின் வேலை. பிறகு மெல்ல ஏறி, 120 விநாடியில் இன்னொரு 8 சேரும். முதல் தாவலை இன்டக்ரல் ‘திரும்பச் செய்ய’ எடுத்த நேரம்தான் இன்டக்ரல் டைம். ஸ்டாப்வாட்ச்சில் 120 விநாடிக்கு வெகு வித்தியாசமாக வந்தால், உங்கள் கன்ட்ரோலர் 120-ஐ வேறு யூனிட்டாக எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். தாவலே இல்லாமல் ஏற்றம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சில மாடல்களில் செட்பாயின்ட் மாற்றத்துக்கு ப்ரொபோர்ஷனல் வேலை செய்யாது. அங்கே தெர்மோகப்பிள் சிமுலேட்டர் (டெம்பரேச்சர் சென்சாரின் சிக்னலைப் போலியாகத் தரும் கருவி) வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிஎல்சி-க்கு (புரோகிராம் போட்டு மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) மாறினால் இன்னொரு பள்ளம் உண்டு. தனித்தனி கெயின் கேட்கும் பேரலல் பிளாக்கில் இன்டக்ரல் கெயின் என்பது 4-ஐ 120-ஆல் வகுத்தது, விநாடிக்கு சுமார் 0.033. அங்கே ப்ரொபோர்ஷனல் கெயினை மட்டும் மாற்றினால் இன்டக்ரல் கூடவே மாறாது. உங்கள் கன்ட்ரோலரில் மாறும்.

கேள்வி: மெனுவில் ‘மேனுவல் ரீசெட்’ என்று தனியாக இருக்கிறதே, அதுவும் இதுதானா?

பதில்: இல்லை. அது இன்டக்ரல் இல்லாமல் ஓட்டும்போது அவுட்புட்டோடு கையால் கூட்டும் பயாஸ். ப்ரொபோர்ஷனல் மட்டும் இருந்தால் டெம்பரேச்சர் செட்பாயின்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். அந்தக் குறையை ஆபரேட்டர் குமிழைத் திருகிச் சரிசெய்தார். அதையே தானாகச் செய்ததால்தான் இன்டக்ரலுக்கு ‘ரீசெட்’ என்று பெயர். இன்டக்ரலை நிறுத்தப் பல கன்ட்ரோலர்களில் டைமை 0 ஆக்க வேண்டும். கணக்குப்படி 0 விநாடி என்றால் எல்லையில்லாத வேகம் என்றாலும், ‘ஆஃப்’ என்று எடுத்துக்கொள்ளும்படி செய்து வைத்திருக்கிறார்கள். மேனுவலைப் பார்க்காமல் 0 போடாதீர்கள்.