வேன் ஹீட்டர் சொட்டுகிறதா? எந்த நேரத்தில் சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த வேன் ஒன்றைப் படுக்கை, சமையல் மேடை, குளியல் வசதியோடு மாற்றி, பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் போகிற பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். அதில் உள்ள 10 லீற்றர் ஹீட்டருக்கு மூன்று வருடமாகிறது. இப்போது அடியில் ஈரம் தெரிகிறது, சுடுதண்ணீரில் கூழ்முட்டை மணக்கிறது, சூடாகவும் நெடுநேரம் எடுக்கிறது. புதிது வாங்குவதா? காஸ் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா? (வாசகர், கல்லடி)

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைக்கும் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். மூன்றுமே சில நாள் வேலையில் சரிவரக்கூடியவை. தாங்கி ஓட்டையாகியிருந்தால் மட்டும்தான் புதிது தேவை.

ஈரத்தில் இருந்து தொடங்குவோம். ஹீட்டரை நிறுத்தி, தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு, வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். அடியிலும் ஒவ்வொரு பொருத்திலும் ரிசு பேப்பர் ஒட்டிவிட்டு, பம்பை மட்டும் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் தாங்கியில் ஓட்டை இல்லை. அடுத்து ஹீட்டரைப் போட்டுக் கவனியுங்கள். சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது பாதுகாப்பு வால்வு தன் வேலையைச் செய்கிறது. 10 லீற்றர் தண்ணீர் 28 பாகையில் இருந்து 60 பாகைக்குப் போகும்போது ஏறக்குறைய 130 மில்லிலீற்றர் விரிகிறது. அது ஒரு சின்னக் கோப்பைத் தேநீர் அளவு. குளிர்நீர் வரும் வழியில் ஒருவழி வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீர் பின்னால் போக முடியாது. அதனால் பாதுகாப்பு வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

பல ஹீட்டர்களில் தாங்கியின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று நிற்கும்படி அமைத்திருப்பார்கள். விரிவைத் தாங்குவது அந்தக் காற்றுத்தான். நாளடைவில் அது தண்ணீரில் கரைந்து போய்விடும். திரும்ப நிரப்ப, தண்ணீர் ஆறிய பிறகு பம்பை நிறுத்தி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பிறகு வால்வின் நெம்பை உயர்த்தி, தண்ணீர் வருவது நிற்கும்வரை பிடித்திருந்து மூடுங்கள். வால்வின் இருக்கையில் மணலோ சுண்ணாம்போ சிக்கியிருந்தால், அழுத்தம் உள்ளபோது நெம்பை இரண்டு மூன்று முறை தூக்கி விட அடித்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகும் நிற்காவிட்டால் அதே அழுத்த அளவுள்ள புது வால்வு போடுங்கள். சொட்டு நிற்க வேண்டும் என்று அந்த வாய்க்கு மூடி போட்டு இறுக்குவது மட்டும் கூடவே கூடாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் போகும் நாளில் தாங்கி வெடிப்பதற்கு அது வழி.

பேப்பர் குளிரிலேயே நனைந்திருந்தால், எந்தப் பொருத்து என்று பார்த்து வொஷரையோ த்ரெட் டேப்பையோ மாற்றலாம். பொருத்துகள் எல்லாம் காய்ந்திருக்க, வெளி உறையின் அடித் தையலில் இருந்து மட்டும் நீர் கசிந்தால் உள்தாங்கி போய்விட்டது. எப்பொக்சி பூசுவது சூட்டிலும் அழுத்தத்திலும் நிலைக்காது.

மணத்துக்கு வருவோம். குளிர்நீரும் மணத்தால் குறை நீர்த்தாங்கியில். சுடுதண்ணீர் மட்டும் மணத்தால் ஹீட்டருக்குள். தேங்கிய நீரில் வளரும் சில பற்றீரியாக்கள் அதிலுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. தாங்கி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதில் தான் அரிபட்டுத் தேயும்படி உள்ளே வைக்கும் மகனீசிய அனோட் தடி அதை இன்னும் தூண்டுகிறது. இந்தத் தடி எல்லா ஹீட்டரிலும் இல்லை. உள்ளே எனாமல் பூசிய இரும்புத் தாங்கிக்குத்தான் தேவை, அலுமினியத் தாங்கிக்குத் தேவையில்லை. தண்ணீர் வடிக்கும் வாயின் உலோகத்தில் காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்புத் தாங்கி.

தடியைப் பார்க்க, கரன்டை நிறுத்தி, பம்பை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அதன் பின் வடிகால் ஆணியைக் கழற்றுங்கள். அமெரிக்க மாதிரிகளில் தடி அந்த ஆணியோடு சேர்ந்தே வரும், அதற்கு 1-1/16 அங்குலச் சொக்கட், அதாவது 27 மில்லிமீற்றர், சரியாக இருக்கும். புதுத் தடி விரல் தடிப்பில், சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாக இருக்கும். பழையது கறையான் தின்ற கம்பு மாதிரிக் குழிகுழியாகி, நடுவில் ஓடும் இரும்புக் கம்பி வெளியே தெரியும். நாலில் மூன்று பங்கு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கூழ்முட்டை மணம் தொடர்ந்து வருகிற வண்டிக்கு அலுமினியமும் நாகமும் கலந்த தடி நல்லது. வடிக்கும்போது தண்ணீர் செம்பழுப்பாகத் துருச் செதிலோடு வந்தால் எனாமல் உடைந்துவிட்டது. அப்போது புதுத் தடி போட்டும் அதிக காலம் போகாது.

தடி இவ்வளவு வேகமாகத் தேய்வதற்கு உங்கள் ஊரே ஒரு காரணம். கல்லடி வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டு. கோடையில் கரையோரக் கிணறுகள் உவர்க்கும். உப்பு நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு விரைவாகிறது. துருப்பிடிக்காத உருக்குத் தாங்கியைக்கூட உப்பு ஊசிமுனை ஓட்டைகளாகத் துளைக்கும். வேனுக்கு உன்னிச்சைக் குளத்து நீர் வரும் குழாயில் இருந்து பிடியுங்கள். நாக்கில் உவர்ப்புத் தெரியும் கிணற்று நீரை ஊற்றவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தடியைக் கழற்றிப் பாருங்கள்.

மணம் போக, மணம் சேர்க்காத 5 சதவீதக் குளோரீன் கரைசலை, லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் கணக்கில் நீர்த்தாங்கியில் கலந்து (60 லீற்றர் தாங்கிக்கு 60 மில்லிலீற்றர்), ஹீட்டர் வழியாகவும் குழாய்களில் குளோரீன் மணக்கும்வரை ஓட விடுங்கள். ஹீட்டரைப் போடாமல் நான்கு மணித்தியாலம் வைத்து, மணம் நீங்கும்வரை அலசுங்கள். வேன் பல நாள் சும்மா நின்ற பிறகு முதல் தடவை தண்ணீரை 60 பாகைக்கு ஏற்றுவதும் அவசியம். எங்கள் வெயிலில் வெதுவெதுப்பாக நிற்கும் நீரில்தான் கிருமி பெருகும்.

சூடாகத் தாமதிப்பது பெரும்பாலும் சுண்ணாம்பால். எலிமென்டைச் சுற்றி முட்டையோடு மாதிரிப் படை கட்டிவிடும். வேலை செய்யும்போது கொதிக்கும் சட்டி மாதிரிச் சத்தம் கேட்டால் அதுதான். அனோட் தடியைக் கழற்றிச் சாதாரண ஆணி போட்டுவிட்டு (அமிலம் தடியைத் தின்றுவிடும்), 10 லீற்றருக்கு 250 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்து, மூன்று முறை அலசுங்கள். அலுமினியத் தாங்கியானால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி போதும். இந்த வேலையைக் குளோரீன் வேலையோடு ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும். எலிமென்டைச் சோதிக்க மல்ரிமீற்றர் போதும். 230 வோல்ட், 1500 வாட் எலிமென்ட் ஏறக்குறைய 35 ஓம் காட்ட வேண்டும். உறைக்கும் முனைக்கும் இடையில் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் அன்றே கழற்றிவிடுங்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வேனில் 230 வோல்ட் ஹீட்டரை ஓட்டவே கூடாது.

தாங்கி உண்மையிலேயே போயிருந்தால், ஜப்பான் வண்டியில் இருந்து எடுத்த ஹீட்டரை வாங்கும் முன் பெயர்த்தகட்டைப் பாருங்கள். 100 வோல்ட் எலிமென்டுக்கு எங்கள் 230 வோல்ட்டைக் கொடுத்தால் ஐந்து மடங்குக்கு மேல் வலு ஏறி உடனே எரிந்துவிடும். 12 வோல்ட், 200 வாட் மாதிரி பற்றரியில் ஓடும். ஆனால் 10 லீற்றரை 60 பாகைக்கு ஏற்ற இரண்டு மணித்தியாலமும் ஏறக்குறைய 31 அம்பியர் மணியும் வேண்டும். 100 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால், ஒரு குளியலுக்கே அதில் பெரும்பங்கு போய்விடும். வயர் 6 சதுர மில்லிமீற்றர், பற்றரிக்குப் பக்கத்தில் 25 அம்பியர் ஃபியூஸ்.

உங்கள் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது, எஞ்சின் கூலன்ட் சுற்றி ஓடும் சுருள் உள்ள தாங்கி. மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். போய்ச் சேரும்போது தண்ணீர் செலவில்லாமல் சுட்டிருக்கும். கூலன்ட் 85, 90 பாகை வரை போகும். அதனால் வெளிவரும் வழியில் கலப்பு வால்வு போட்டு 45 பாகைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் குழந்தைகளின் தோல் வெந்துவிடும்.

குளியலறைச் சுவரில் மாட்டும் மலிவான காஸ் கீசர் வேண்டவே வேண்டாம். மூடிய வேனுக்குள் அது ஒட்சிசனைத் தின்று காபனோரொட்சைட்டை விடும். நிறமோ மணமோ இல்லாததால் தூங்குகிறவர்களுக்குத் தெரியவே வராது. காஸ்தான் வேண்டும் என்றால், காற்றை வெளியில் இருந்து எடுத்துப் புகையை வெளியிலேயே விடும், வண்டிக்கென்றே செய்த மூடிய எரிப்பறை மாதிரி மட்டும். சிலிண்டர் பெட்டிக்கு அடித்தளத்தில் துளை இருக்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும்.

வாடகை வண்டியில் எலிமென்ட் எரிவதற்கு முக்கிய காரணம் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போடுவது. "சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று நின்று நீர் ஒரே சீராக வந்த பிறகே போடவும்" என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.