புதிதாகச் சேரும் தொழிலாளர்கள் வேலையைக் கற்றுக்கொண்டு நிலைத்து நிற்க 'நட்ஜ்' உத்திகள் உதவுமா?

உதவும். ஆனால் புதிதாக வருபவரைவிட அவருடைய சூப்பர்வைசரைத் தூண்டினால்தான் பலன் அதிகம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்.

கட்டாயமோ அபராதமோ இல்லாமல், சரியானதைச் செய்வதைச் சுலபமாக்கிக் கொடுப்பதுதான் நட்ஜ். 2008-ல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் எழுதிய புத்தகத்தால் பரவிய சொல்.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில், யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று தினமும் பலகையில் எழுதிப் போட்டோம். போட்டி வரும் என்று நினைத்தோம். பலகையில் கடைசியில் இருந்த பிள்ளைகள்தான் முதலில் வேலையை விட்டு நின்றுபோனார்கள். ஒரு பெண் போன பிறகு, அவள் கோணலாகத் தைத்த பீஸ்கள் மெஷினுக்கு அடியில் சுருட்டிக் கிடந்தன. துணி ஓரத்தை அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் மறுபடி கோக்கத் தெரியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கூகுளில் புது ஆள் சேருவதற்கு முந்தைய ஞாயிறு அவருடைய மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவருடைய வேலை என்ன என்று பேசுங்கள், துணைக்கு ஒருவரைச் சேர்த்துவிடுங்கள், முதல் 6 மாதம் மாதம் ஒருமுறை விசாரியுங்கள் என்பது போல ஐந்தே விஷயங்கள். அதில் சொன்னபடி செய்த மேனேஜர்களிடம் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் வேகமாக வேலைக்குத் தயாரானதாக, அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் எழுதியிருக்கிறார்.

இதைப் பார்த்துத்தான் ஞாயிறு சாயங்காலம் லைன் சூப்பர்வைசர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். நாளை வருபவரின் பெயர், ஊர். அப்புறம் மூன்று வேலை: காலையில் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று நூல் கோக்கச் சொல்லிக்கொடுங்கள், மதியம் யாருடனாவது சாப்பிட உட்காரவையுங்கள், சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். திங்கள் காலையில் அனுப்பினால் பயனில்லை. அந்த நேரத்தில் போனைப் பார்க்க யாருக்கும் கை ஒழியாது.

சரி, இதை வைத்து எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட முடியாது. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாத, ஓவர்டைம் காசை இழுத்தடிக்கும் இடத்தில் எந்த நட்ஜும் நிற்காது. அதைச் சரிசெய்துவிட்டு இதற்கு வாருங்கள்.

இப்போதெல்லாம் ஞாயிறு நான் அனுப்ப மறந்தால் அவர்களே கூப்பிடுகிறார்கள்: "நாளைக்கு யாருங்க வர்றாங்க? எந்த ஊருங்க?"