400 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் வேண்டுமா?

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 3 கிலோவாட் போடச் சொல்கிறார்களா? 2 கிலோவாட் போதும். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் வரை வரும். உங்கள் செலவு 400 யூனிட்தான், அதிலும் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அந்த நூறில் சோலாரால் ஒரு பைசா மிச்சமில்லை.

பிறகு ஏன் சோலார் விற்பவர்கள் 3 போடச் சொல்கிறார்கள்? மானியம் 78,000 என்று பெரிதாகச் சொல்லலாம், அதனால்தான் என்று நினைக்கிறேன். வீட்டுச் சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கே 60,000 கிடைத்துவிடும். மூன்றாவதுக்கு வெறும் 18,000. மீதிச் செலவு உங்கள் கையிலிருந்து.

முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை:

1. கடைசி ஆறு மின்கணக்கீட்டையும் எடுத்துப் பாருங்கள். கோடையில் ஏசியால் 500 தாண்டுகிறதா? தாண்டினால் யூனிட் விலையே ஏறும், அப்போது 3 பற்றி யோசிக்கலாம்.

2. காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடி ஏறுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தைத்தான் தொட்டது, ஆனால் அந்த வரிசையின் உற்பத்தியே இறங்கிவிட்டது. சின்டெக்ஸை நகர்த்திய பிறகுதான் சரியானது.

அப்புறம் ஒன்று: கரண்ட் போனால் பேட்டரி இல்லாத ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும்.