இரண்டாவது ஸ்கஸி அடாப்டரைக் கழற்றும் முன்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டர் வேலையைக் கவனிக்கும் வாசகர் கேட்கிறார்: விஎம்வேரில் (ஒரே மெஷினுக்குள் பல சர்வர்களை மென்பொருளாக ஓட்டும் ஏற்பாடு) ஓடும் லினக்ஸ் சர்வரில் இரண்டு ஸ்கஸி அடாப்டர்கள் (டிஸ்க்குகளை இணைக்கும் பாகம்), இரண்டாவதில் பழைய கணக்கு டிஸ்க் மட்டும்தான், சர்வர் ஓடும்போதே அதை எடுத்துவிடலாமா?

டிஸ்க்கை எடுக்கலாம். ஆனால் விஎம்வேர் திரையில் ஆரம்பிக்காதீர்கள். லினக்ஸுக்குச் சொல்லாமல் உருவினால் மெமரியில் எழுதக் காத்திருக்கும் டேட்டா போச்சு.

எது அந்த டிஸ்க் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லினக்ஸ் வைக்கும் எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) என்ற பெயர்களை நம்பாதீர்கள், ரீபூட்டில் மாறிவிடும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்-ஸ்கஸி (lsscsi) கட்டளை காட்டும் நான்கு எண்களில் மூன்றாவதுதான் விஎம்வேரில் ‘1:0’ என்று தெரிவதில் வரும் இரண்டாவது எண். லினக்ஸ் காட்டும் முதல் எண் விஎம்வேரின் முதல் எண்ணோடு (அடாப்டர் எண்) ஒத்துப்போகும் என்று உறுதியில்லை, அதனால் டிஸ்க்கின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்றால் இன்னும் கவனம்.

அடுத்து, எந்த டிஸ்க் எந்த வால்யூம் குரூப்பில் (டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே இடமாகப் பயன்படுத்தும் தொகுப்பு) இருக்கிறது என்று காட்டும் பிவிஎஸ் (pvs) கட்டளை. ‘பழைய டிஸ்க்’ என்று நாம் நினைப்பது, எப்போதோ இடம் போதாமல் யாரோ மெயின் வால்யூம் குரூப்பிலேயே சேர்த்துவிட்டதாக இருக்கலாம். அப்படியென்றால் முதலில் பிவிமூவ் (pvmove) போட்டு டேட்டாவை மற்ற டிஸ்க்குக்கு நகர்த்தி (அங்கே இடம் இருக்க வேண்டும்), பிறகு விஜிரெடியூஸ் (vgreduce) போட்டு டிஸ்க்கைக் குரூப்பிலிருந்து விலக்கி, பிவிரிமூவ் (pvremove) போட்டு டிஸ்க்கில் உள்ள குரூப் அடையாளத்தை நீக்குங்கள். தனிக் குரூப் என்றால் அன்மவுண்ட் செய்து (லினக்ஸ் அடைவிலிருந்து கழற்றி) விஜிசேஞ்சில் (vgchange) குரூப்பை அணைத்தால் போதும். அதில் ஸ்வாப் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அன்மவுண்ட் ‘பிஸி’ என்று அடம்பிடித்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை சொல்லும்.

பூட்டில் எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியை இப்போதே நீக்குங்கள். மறந்தால் அடுத்த பூட்டில் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) வழக்கமாக 90 விநாடி டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் (பழுதுபார்க்க மட்டுமான நிலை) போய் உட்கார்ந்துவிடும், லாரிகள் வாசலில் நிற்கும்.

அப்புறம் ஸிஸ் (/sys) அடைவில் அந்த டிஸ்க்கின் டிவைஸுக்குள் இருக்கும் டெலீட் கோப்பில் 1 என்று எழுதுங்கள், லினக்ஸ் டிஸ்க்கை விட்டுவிடும். இதற்குப் பிறகுதான் விஎம்வேரில் டிஸ்க்கை நீக்குவது. அங்கே ‘டேட்டாஸ்டோரிலிருந்து (விஎம்வேர் டிஸ்க் கோப்புகளை வைக்கும் இடம்) கோப்பை அழி’ என்பதை டிக் செய்யாதீர்கள், மார்ச் கணக்கு முடியும்வரை கோப்பு கிடக்கட்டும்.

காலியான அடாப்டரை மட்டும் சர்வரை அணைத்துவிட்டு எடுங்கள். எஃப்எஸ்டேப் சரியா என்பதும் அந்த பூட்டிலேயே தெரிந்துவிடும். சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் வேண்டாம், வேலை மந்தமான ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.