மூன்று மணிச் செபம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பல ஆண்டுகளாகக் கோயிலுக்குப் போகாதவன். என் அம்மா பிற்பகல் 3 மணியானால் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு இறை இரக்கச் செபமாலை சொல்ல உட்கார்ந்துவிடுவார். தொடங்குமுன் யார் யாருக்காக என்று பெயர்களைச் சொல்வார்: குடியை விடாத என் சித்தப்பா, எதிர்வீட்டுப் பாட்டி, அன்றைய செய்தித்தாளில் விபத்தில் இறந்ததாகப் படித்த முகமறியாதவர்கள். பிறகு ‘எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்’ என்று ஐம்பது முறை. கடவுள் அன்பானவர் என்றால் அவரிடம் ஏன் இப்படி மன்றாட வேண்டும்? பெற்ற தகப்பனிடம் யாராவது நாள்தோறும் இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்களா? அரசன் முன் அடிமை நிற்பதைப் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் கேட்டால் வருந்துவார் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அ.

அன்புள்ள அ.,

நீங்கள் குறிப்பிடும் அடிமை கத்தோலிக்க பக்தி மரபில் உண்மையிலேயே இருந்தவர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சின் துறவு மடங்களில், பாவிகளுக்கு வரவேண்டிய தண்டனையைத் தங்கள்மீது வரவழைத்துக்கொள்வதற்காகக் கடவுளின் நீதிக்குத் தங்களையே பலிப்பொருளாக ஒப்புக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. தன்னலமற்ற, அஞ்சத்தக்க வீரம் அது. ஆனால் அதன் பின்னணியில் இருக்கும் கடவுள், கணக்குப் புத்தகத்தை மூடாமல் கடனைக் கேட்டு நிற்பவர். யாராவது ஒருவர் கட்டித் தீர்த்தாக வேண்டும்.

குழந்தை தெரேசம்மாள் என்று நம்மவர்கள் அழைக்கும் லிசியே நகரத்துத் தெரேசா அந்தச் சூழலில் வாழ்ந்தவர். 1895 ஜூன் 9, மூவொரு கடவுள் பெருவிழா அன்று திருப்பலியின்போது அவருக்கு வேறொன்று தோன்றியது. நீதிக்குத் தம்மைக் கொடுப்பவர்களை மதித்தாலும் தமக்கு அதில் நாட்டமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கடவுளின் இரக்கமுள்ள அன்புதான் ஏற்பாரின்றி எல்லாப் பக்கமும் தள்ளப்படுகிறது, வெளியே பாய வழியின்றி அடைபட்டிருக்கிறது என்று அவர் கண்டார். அது தம்மீது பாயட்டும் என்று அந்த அன்புக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 22. எதையும் செலுத்தித் தீர்க்க முன்வராமல், பெற்றுக்கொள்ள மட்டுமே முன்வந்த அர்ப்பணம் அது. கத்தோலிக்க பக்தி அண்மைக் காலத்தில் கண்ட மிகத் துணிவான திருப்பம் இது என்று நான் கருதுகிறேன்.

இதே தெரேசா 14 வயதில், பாரிஸில் மூன்று பேரைக் கொன்ற பிரான்சினி என்பவனுக்காகச் செபித்திருக்கிறார். 1887 ஆகஸ்ட் 31 அன்று அவனுக்குத் தலை வெட்டப்பட்டது. வருத்தம் எதையும் காட்டாமலிருந்தவன், கடைசிக் கணத்தில் குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவையை, வாங்கி மூன்று முறை முத்தமிட்டான் என்ற செய்தியை அவர் மறுநாள் நாளிதழில் படித்தார். செய்தித்தாளில் வந்தவர்களின் பெயரைச் சொல்லிச் செபிக்கும் உங்கள் அம்மாவுக்கு இப்படி ஒரு முன்னோடி உண்டு.

தகப்பனிடம் கெஞ்சுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் அப்படி ஒரு மகன் வருகிறான். சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கும் இடத்தில், தகப்பனிடம் என்ன சொல்வது என்று அவன் ஒத்திகை பார்த்துக்கொள்கிறான். பாவம் செய்தேன் என்பது ஒன்று, உமது மகன் எனப்படத் தகுதியற்றவன் என்பது அடுத்தது, உமது கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது கடைசி. தொலைவிலேயே கண்டு ஓடிவந்த தகப்பனின் அணைப்பில் இருந்தபடி அவன் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைப் பார்த்து, முதல்தரமான ஆடையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மகன் தன் குற்றத்தைச் சொல்வதைத் தகப்பன் தடுக்கவில்லை, கூலியாளாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க மட்டும் இடம் தரவில்லை. மன்றாட்டு இருக்கும், அதிலுள்ள அடிமைத்தனம் இருக்காது என்பதுதான் இதில் எனக்குக் கிடைக்கும் விடை.

இனி உங்கள் அம்மாவின் செபத்துக்கு வருகிறேன். அதை நமக்குத் தந்தவர் போலந்து நாட்டுத் துறவி புனித ஃபவுஸ்தினா. மூன்று ஆண்டுகள்கூட முழுதாகப் பள்ளிக்குப் போகாதவர். மடத்தில் சமையல், தோட்டம், வாசற்காவல் என்று வேலை பார்த்து, 1938இல் 33 வயதில் காசநோயால் இறந்தவர். 1935 செப்டம்பரில் வில்னியுஸ் நகரில், கடவுளின் சினத்தை நிறைவேற்ற வந்த வானதூதரைக் காட்சியில் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். உங்கள் ஐயத்துக்கு வலுவூட்டும் இடம் இது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்து வருவதையும் பாருங்கள். தம் உள்ளத்தில் கேட்ட சொற்களைக் கொண்டே அவர் உலகுக்காகச் செபிக்கிறார். தூதரால் ஒன்றும் செய்ய முடியாமல் போகிறது. மறுநாள் அதே செபத்தை மணிமணியாக எப்படிச் சொல்வது என்பதும் அவருக்குக் கற்றுத்தரப்படுகிறது. யாரிடம் மன்றாட வேண்டுமோ அவரே மன்றாட்டின் சொற்களை எடுத்துக்கொடுக்கிறார். மனமிரங்காத அரசன் தனக்கு எதிரான விண்ணப்பத்தைத் தானே எழுதித் தருவானா? அந்தச் செபத்தில் ‘என்மீது’ என்ற சொல்லே வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். சித்தப்பா கேட்கவில்லை, விபத்தில் இறந்தவர்களால் இனிக் கேட்க இயலாது. அவர்கள் இடத்தில் நின்று அம்மா கேட்கிறார்.

இந்த பக்தியின் பெயரால் விநியோகிக்கப்படும் துண்டுப் பிரசுரங்களில் சிலவற்றைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. இத்தனை நாள் இத்தனை முறை சொன்னால் காரியம் கைகூடும் என்று அச்சிடுபவர்கள், தெரேசா மூடிவைத்த கணக்குப் புத்தகத்தை மீண்டும் திறக்கிறார்கள். திருச்சபையும் இந்த பக்தியை எடுத்த எடுப்பில் தழுவிக்கொள்ளவில்லை. ஃபவுஸ்தினா கூறிய வடிவில் அமைந்த படங்களையும் எழுத்துகளையும் பரப்பக் கூடாது என்று 1959இல் ரோம் தடை விதித்தது. பிழைபட்ட மொழிபெயர்ப்புகள் அதற்கு ஒரு காரணம். 1978 ஏப்ரலில் தடை நீங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மரக் காலணியோடு வேலைக்குப் போகும் வழியில் ஃபவுஸ்தினாவின் கல்லறை இருந்த மடத்தைக் கடந்துசென்ற இளைஞர் கரோல் வொய்த்தீவா, அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் திருத்தந்தையானார். 2000 ஏப்ரல் 30 அன்று அவர் ஃபவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டமளித்து, உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறாகவும் அறிவித்தார்.

நேரம் கிடைத்தால் ஃபவுஸ்தினாவின் நாட்குறிப்பையே படித்துப் பாருங்கள். ஆறு நோட்டுகளில் எழுதப்பட்ட அதில் கூறியது கூறல் மிகுதி, பொறுமை வேண்டும். பிரசுரங்களில் வாக்குறுதிகள் மட்டும் எடுத்துப் போடப்படுகின்றன, வாசற்காவல் பகுதிகள் விடுபட்டுப் போகின்றன. கிழிந்த உடையும் வெறுங்காலுமாகக் குளிரில் வந்த ஓர் இளைஞன் சூடாக ஏதாவது கேட்கிறான். ஏழைகளுக்கென்று சமையலறையில் ஒன்றும் இல்லை. தேடியதில் கொஞ்சம் சூப் அகப்படுகிறது. அதைச் சூடாக்கி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஃபவுஸ்தினா கொடுக்கிறார். அவன் குடித்து முடித்துப் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது, தாம் இயேசு என்பதைக் காட்டிவிட்டு மறைந்துவிடுகிறார் என்று ஃபவுஸ்தினா எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இரக்கம் கேட்டு வாசலில் நிற்பவர் கடவுள். ‘அரசன் முன் அடிமை’ என்ற உங்கள் உவமையை அங்கே பொருத்திப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.