உறுமும் நாயை அடிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 10 மாதம் ஆகிறது. 40 நாள் குட்டியாக வாங்கி வந்தோம். எல்லோரிடமும் நன்றாகப் பழகும். ஆனால் சோறு வைத்துவிட்டால் போதும், பக்கத்தில் போனாலே உறுமும். 'யார் எஜமான்னு காட்டணும்' என்று என் கணவர் சாப்பிடும்போதே தட்டைப் பிடுங்குவார், உறுமினால் அடிப்பார். இப்போது உறுமுவது குறைந்திருக்கிறது. ஆனால் நேற்று, தட்டுப் பக்கம் உருண்டுபோன பந்தை எடுக்கப்போன 6 வயது மகளைச் சட்டென்று கவ்விவிட்டது. பல் கீறியதோடு சரி, ரத்தம் வரவில்லை. நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

முதலில் குழந்தையைப் பார்ப்போம். ரத்தம் வராத பல் கீறலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவை. கீறிய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கிறோமே என்று தள்ளிப்போடாதீர்கள். அதன் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். மிச்சத்தை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சரி, இனி நாய் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 'இப்போது உறுமுவது குறைந்திருக்கிறது' என்ற வரிதான்.

'கிட்ட வராதே, என் சாப்பாடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது' என்று சொல்ல நாய்க்கு இருக்கும் வழி உறுமல். அடி விழுந்தால் உறுமலை நிறுத்திக்கொள்ளும். பயம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கும், அடியால் இன்னும் கூடவும் செய்யும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே பல் வரும். 'ஒரு அறிகுறியும் காட்டாமல் கடித்துவிட்டது டாக்டர்' என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், உறுமினதற்கு அடித்த கதை பல நேரம் வெளியே வரும். உங்கள் மகளுக்கும் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

எஜமான் யார் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. காட்டு ஓநாய்களைப் பல காலம் ஆராய்ந்த டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999இல் எழுதினார். தலைமைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் என்ற படம் அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. உங்கள் கணவர் செய்தது கெட்ட எண்ணத்தில் அல்ல. பலரும் சொல்லிக்கொடுப்பதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் தட்டைப் பிடுங்கப் பிடுங்க, 'மனிதர் வந்தால் சோறு போகும்' என்ற பாடத்தைத்தான் நாய் படிக்கிறது.

அந்தப் பாடத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இன்று முதல் அதற்குத் தனி அறையில் கதவைச் சாத்திச் சோறு வையுங்கள். சாப்பிட்டு முடித்து வெளியே வந்த பிறகு, அது பார்க்காத நேரத்தில் தட்டை எடுங்கள். குழந்தை அந்தப் பக்கமே போக வேண்டாம். பயிற்சியும் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

பயிற்சி என்றால் இவ்வளவுதான். உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழித் துண்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும். அது சாப்பிடும்போது 10 அடி தள்ளி நின்று, தட்டுப் பக்கமாக ஒரு துண்டைப் போட்டுவிட்டு, நிற்காமல் திரும்பி நடந்துவிடுங்கள். கிட்ட போவதற்கு ஆசைப்படாதீர்கள். நாலைந்து நாளில் உங்கள் காலடிச் சத்தத்துக்கு அது தலையை நிமிர்த்தி, உடம்பு தளர்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு 'இன்னும் இருக்கா?' என்பது போலப் பார்க்கும். அப்புறம்தான் 9 அடி. சில நாய்க்கு இரண்டு வாரம் போதும், சிலதுக்கு மாதக்கணக்காகும்.

கண்ணை அதன் உடம்பிலேயே வையுங்கள். திடீரென்று வேகவேகமாக விழுங்கும். தலையைத் தட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு நொடி அப்படியே உறைந்து நிற்கும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டும், வெள்ளைவிழி பிறைபோலத் தெரியும். உங்கள் நாய் உறுமலை நிறுத்திவிட்டதால் இனி இவைதான் எச்சரிக்கை. ஒன்றைப் பார்த்தாலும் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். மறுநாள் இரண்டடி தள்ளி நின்று தொடங்குங்கள். செருப்பைக் கவ்வி வைத்துக்கொண்டாலும் துரத்திப் பிடுங்காமல் கோழித் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

லாப்ரடாரின் பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை என்று தெரிந்தது. சாப்பாட்டின் மீது அவற்றுக்கு இருக்கும் பிடிப்பில் பேராசை எதுவும் இல்லை. ஒரே வேளையாக வைக்காமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி காது, பல், இடுப்பு மூட்டையும் பார்த்துவிடுங்கள். வலி இருக்கும் நாய்க்குப் பொறுமை சீக்கிரம் போய்விடும்.

குட்டி வாங்க இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு விதி. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த நாட்களில்தான் குட்டி விட்டுக்கொடுக்கவும், மெதுவாகக் கடிக்கவும் கற்கிறது. வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது சாப்பிடும்போது தட்டில் நல்லதாக ஏதாவது போட்டுவிட்டு நகருங்கள். இவ்வளவு தூரம் வராது.

கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அதுவும் ரத்தம் வராமல் கவ்விய நாய் இது. 10 மாதம்தான் ஆகிறது. மாற்ற முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் குழந்தையை எப்போதும் பிரித்து வைத்துப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டில் ஆள் இல்லை என்றால், அல்லது சாப்பாடு இல்லாத நேரத்திலும் பாய்கிறது என்றால், காத்திருக்காமல் நாயின் நடத்தை தெரிந்த மருத்துவரை நேரில் பாருங்கள். எங்கே கொடுப்பதானாலும், கடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம்.